பாய்மரப் படகுக்கு அவுட்போர்டு: எச்.பி.க்கு முன்னால் ஷாஃப்ட் நீளம்

கேள்வி இது: டொராண்டோவில் பழைய கட்டலினா 22 பாய்மரப் படகு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதிலிருந்த டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்) ஓய்ந்துவிட்டது. கடையில் 9.9 எச்.பி. எடுக்கச் சொல்கிறார்கள். படகுத்துறையில் பக்கத்துப் படகுக்காரர் 4 எச்.பி. தாராளம் என்கிறார். வீட்டில் மின்சார மோட்டார் வாங்கலாமே என்கிறார்கள். எதை எடுப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5 அல்லது 6 எச்.பி., ஃபோர்-ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், 25 அங்குல ஷாஃப்ட் (எஞ்சினிலிருந்து ப்ரொப்பெல்லரை நோக்கி இறங்கும் தண்டு), பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர், வெளி டாங்க் இணைப்பு, 12 வோல்ட் சார்ஜிங். இதில் எச்.பி.யில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம். ஷாஃப்ட் நீளத்தில் தவறினால் சமாளிக்க முடியாது. 20 அங்குல ஷாஃப்டில் 9.9 மலிவாகக் கிடைக்கிறது, 25 அங்குலத்தில் 5 எச்.பி.தான் இருக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு 5-ஐ எடுங்கள். ஏன் என்பதைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

எச்.பி. விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாட்டுக் கரையில் ஃபைபர் படகுகளில் 9.9 அவுட்போர்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, அவ்வளவு சிறிய படகுக்கே 9.9 என்றால் இதற்கும் அதுதானே வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் படகு கரையிலிருந்து உடையும் அலையைத் தாண்டி வேகமாக வெளியேற வேண்டும், ஆளும் வலையும் மீனும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பாய்மரப் படகின் கதை வேறு. அது தண்ணீரின் மேல் எழும்பி ஓடுவதில்லை, தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. அப்படிப் போகும் படகுக்கு அதன் நீர்க்கோட்டு நீளமே, அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளமே, ஒரு வேக வரம்பைப் போட்டுவிடுகிறது. அடிக் கணக்கில் அளந்த நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். ஃபிராங்க் பட்லர் வடிவமைத்து 1969-இல் வெளிவரத் தொடங்கிய கட்டலினா 22-இன் நீர்க்கோட்டு நீளம் 19.33 அடி. ஆகவே வரம்பு சுமார் 5.9 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதை நெருங்க நெருங்கப் படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் கொடுக்கும் சக்தியெல்லாம் பின்னால் அலையாகப் போகிறது. 6-க்குப் பதில் 9.9 போட்டால் கிடைப்பது அரை நாட் இருந்தால் அதிகம்.

எவ்வளவு எச்.பி. போதும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நிறைந்த பாரத்தில் ஒவ்வொரு 225 கிலோவுக்கும் 1 எச்.பி. கட்டலினா 22-இன் எடை, மடக்கும் கீல் (படகின் அடியில் தொங்கும் கனமான தகடு) உள்ள மாடலில், சுமார் 1,020 கிலோ. மூன்று பேர் ஏறினால் 225 கிலோ. நங்கூரம், தண்ணீர், பெட்ரோல், ஐஸ்பெட்டி எல்லாம் சேர்த்து 100 கிலோ. மொத்தம் 1,345. கணக்கு 6 எச்.பி.யில் வந்து நிற்கிறது. காற்றில்லாத காலையில் 4 நாட் போக இதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. பக்கத்துப் படகுக்காரர் 4 போதும் என்பது அந்தக் காலைக்குச் சரி. மீதி சக்தி எதற்கென்றால், எதிர்க்காற்றுக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் பாய்மரமும் கம்பிகளும் படகின் பக்கமும் வாங்கும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஒன்டாரியோ ஏரியில் 20 நாட் காற்றுக்கு எதிரே, அந்த ஏரிக்கே உரிய நெருக்கமான செங்குத்து அலையில், துறைமுக வாயை நோக்கி வரும்போதுதான் 4-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். 4 எச்.பி. படகை நகர்த்தும், ஆனால் ஒவ்வொரு அலையும் அதை நிறுத்தும். நயாகரா ஆற்று வாய் போல எதிர் நீரோட்டம் பலமான இடத்துக்கு அடிக்கடி போகிறவர்கள், அல்லது 25 அடிக்கு மேல் 2 டன் எடையுள்ள படகு வைத்திருப்பவர்கள் 8 முதல் 9.9 வரை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அது வெறும் பாரம்.

இப்போது ஷாஃப்ட். அவுட்போர்டுகள் பொதுவாக மூன்று நீளத்தில் வருகின்றன: 15, 20, 25 அங்குலம், அதாவது 38, 51, 63.5 சென்டிமீட்டர். பிராக்கெட்டின் (படகின் பின்புறம் மோட்டாரைத் தாங்கும் சட்டம்) மேல் விளிம்பில் மோட்டாரின் கொக்கி உட்காரும் இடத்திலிருந்து, ப்ரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு வரை உள்ள நீளம் இது. அந்தத் தட்டின் வேலை, மேற்பரப்பிலிருந்து காற்றை ப்ரொப்பெல்லர் உறிஞ்சாமல் தடுப்பது. தட்டு நீருக்கு மேலே வந்துவிட்டால் தடுக்க ஒன்றுமில்லை.

நடப்பது இதுதான். எதிரலை ஒன்று அணியத்தை (படகின் முன்பக்கம்) தூக்கிவிட்டுப் படகின் அடியே நகர்ந்து அமரத்துக்கு (பின்பக்கம்) வருகிறது. அமரம் எழும்புகிறது, அணியம் அடுத்த பள்ளத்தில் இறங்குகிறது. அந்த ஒன்றிரண்டு விநாடியில் ப்ரொப்பெல்லர் மேற்பரப்பை நெருங்கிக் காற்றை இழுக்கிறது. தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் கிறீச்சென்று அலறும். படகை உந்தும் விசை சட்டென்று பூஜ்யமாகும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கும் வாயும் ப்ரொப்பெல்லருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பம்பும் காற்றைக் குடிக்கும். பம்புக்குள் தண்ணீர் படாமல் சுழலும் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சிறு சக்கரம்) சில விநாடிகளிலேயே தேயத் தொடங்கும். அமரம் இறங்கியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும், அடுத்த அலைக்கு மறுபடி அலறும். இப்படிப் பத்து நிமிடம் ஓடினால் 9.9 எச்.பி. ஆனாலும் 20 எச்.பி. ஆனாலும் படகு நகராது. பாய் இறக்கவோ நங்கூரம் போடவோ ஒருவர் அணியத்துக்கு நடந்து போனால்கூட அமரம் பல சென்டிமீட்டர் மேலே வரும். மோட்டார் மிக அவசியப்படும் நேரமும் அதுதான் என்பதைக் கவனியுங்கள்.

அளப்பது எளிது. படகு தண்ணீரில் இருக்கட்டும். இரண்டு பேர் காக்பிட்டில் (பின்பக்கம் ஓட்டுபவர் உட்காரும் திறந்த பள்ளம்) உட்காருங்கள். பிராக்கெட்டை முழுதும் இறக்கி, மோட்டார் உட்காரும் பலகையின் மேல் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 அங்குல ஷாஃப்டில் தட்டு 21 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும், 25 அங்குலத்தில் 33 சென்டிமீட்டருக்கு மேல். அமைதியான நீருக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமே போதும் என்பார்கள். ஆனால் ஒருவர் அணியத்துக்குப் போய், கூடவே அரை மீட்டர் அலையும் வந்தால் 21 கரைந்துவிடும், 33 தாக்குப்பிடிக்கும். அந்த 12 சென்டிமீட்டருக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். பிறகு பிராக்கெட்டை முழுதும் தூக்கி மறுபடி அளங்கள். பாயில் ஓடும்போது மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து வைத்தால் ப்ரொப்பெல்லர் முழுதும் நீருக்கு வெளியே நிற்க வேண்டும். நீரில் இழுபட்டுக்கொண்டே வந்தால் வேகம் குறைவது ஒருபுறம், உலோக அரிப்பும் பாசியும் மறுபுறம். நீண்ட ஷாஃப்டில் இந்த இரண்டாவது அளவு சில பிராக்கெட்டுகளில் இடிக்கும். ஆகவே மோட்டாருக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு அளவும் கையில் இருக்கட்டும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. பிராக்கெட்டை அளவுக்கு மீறித் தாழ்த்தி வைத்து 20 அங்குலத்தைச் சமாளிக்கலாமே என்று சிலர் செய்வதுண்டு. அப்போது பின்னாலிருந்து வரும் அலை எஞ்சின் மூடியிலேயே அடிக்கும், காற்று உறிஞ்சும் வழியில் தண்ணீர் போகும். பவர்ஹெட் (மேலே மூடிக்குள் இருக்கும் எஞ்சின்) நீரிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும், ப்ரொப்பெல்லர் மட்டும் ஆழத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் நீண்ட ஷாஃப்ட் என்ற ஒன்றையே செய்கிறார்கள்.

அடுத்தது எடை. 6 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் 24-லிருந்து 28 கிலோவுக்குள் இருக்கும். யமஹா எஃப்9.9 சுமார் 40 கிலோ. டொஹாட்சுவின் இரட்டை சிலிண்டர் 9.8 சுமார் 37. பத்துப் பன்னிரண்டு கிலோதானே என்று தோன்றும். அது தொங்குவது படகின் கடைக்கோடிக்கும் வெளியே, பக்கவாட்டில் தள்ளி. பெட்ரோல் டாங்கும் அமரத்தில், பேட்டரியும் பெரும்பாலும் அமரத்தில், ஆட்களும் காக்பிட்டில். அமரம் அமுங்கிப்போன படகு பின்னால் தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். பழைய படகுகளில் காக்பிட் வடிகால் துளை நீர்மட்டத்துக்குக் கீழே போய், காலடியில் தண்ணீர் ஊறி நிற்பதும் உண்டு. இதோடு, குளிர்காலத்துக்கு மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மிதக்கும் துறையில் நின்றுகொண்டு, ஆடும் படகின் பின்னால் குனிந்து தூக்குவதற்கு 27 கிலோவே ஒருவருக்கு எல்லை. 40 கிலோவுக்கு இரண்டு பேரும் ஒரு கயிறும் வேண்டும்.

பிராக்கெட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். படகோடு வந்த பழைய பிராக்கெட் டூ-ஸ்ட்ரோக் காலத்தது என்றால் அதன் ஸ்பிரிங் 15, 20 கிலோ மோட்டாருக்கு அமைத்ததாக இருக்கலாம். ஃபோர்-ஸ்ட்ரோக் எடையைப் போட்டால் தூக்க முடியாது, பூட்டும் பற்கள் வழுக்கும். பிராக்கெட்டில் எடை வரம்பும் எச்.பி. வரம்பும் பொறித்திருக்கும், இரண்டுமே பொருந்த வேண்டும். மேலும் கீழும் 35 சென்டிமீட்டராவது நகரும் பிராக்கெட் 25 அங்குல ஷாஃப்டுக்கு நல்லது.

புது பிராக்கெட் மாட்டும் முன் அமரப் பலகையை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும். உள்ளே பிளைவுட் ஊறி அழுகிய இடம் ‘தொம்’ என்று மந்தமாக ஒலிக்கும். பழைய துளைகளைச் சுற்றித்தான் பெரும்பாலும் அழுகல் இருக்கும். அழுகல் இருந்தால் அதைச் சீர்செய்யாமல் மேலே எதையும் மாட்டாதீர்கள். நல்ல பலகையிலும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 14 மில்லிமீட்டர் துளை போட்டு, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் அதை நிரப்பி, இறுகிய பின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை போடுவதே சரி. அப்படிச் செய்தால் பிற்காலத்தில் சீலிங் கசிந்தாலும் தண்ணீர் பிளைவுட்டைத் தொடாது. 316 ரகத் துருப்பிடிக்காத போல்ட் நான்கு, உள்பக்கம் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு அல்லது 18 மில்லிமீட்டர் எபாக்ஸி பூசிய பிளைவுட். வெறும் வாஷர் போதாது, அது ஃபைபரைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். சீலிங்குக்கு பியூட்டைல் டேப் நன்றாக வேலை செய்யும். நிரந்தரமாக ஒட்டும் பசையைப் பயன்படுத்தினால் பிராக்கெட் மாற்றும் நாளில் ஃபைபரும் சேர்ந்து பிய்ந்து வரும்.

மோட்டாரை வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி ப்ரொப்பெல்லரைப் பற்றியது. பிட்ச் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு, வழுக்கல் இல்லாவிட்டால், முன்னேறும் தூரம். டொஹாட்சு 6-இன் கியர் விகிதம் 2.15-க்கு 1. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் சுமார் 2,325 சுற்று. பிட்ச் 8 அங்குலம் என்றால் கணக்குப்படி 15 நாட் வேகம். சிறிய ரப்பர் படகுக்கு அது பொருத்தம். 5 நாட்டைத் தாண்டாத படகில் அது மூன்றில் இரண்டு பங்கு வழுக்கிக்கொண்டே சுற்றும். பெரிய பிட்ச் தண்ணீரை அளவுக்கு மீறிக் கடிப்பதால் எஞ்சினும் திணறும், முழுத் திறனுக்கான சுற்று வேகத்தை எட்டாது. பிட்சை 6 அங்குலமாக்கினால் கணக்கு வேகம் 11.5 நாட்டுக்கு இறங்கும், எஞ்சின் லேசாகச் சுற்றும், தள்ளுவிசை கூடும். நிற்கும் படகைக் கிளப்பவும், முக்கியமாக ஓடும் படகை நிறுத்தவும் இதுதான் உதவும். டொஹாட்சு 6 செயில்ப்ரோ போன்ற மாடல்கள் பாய்மரப் படகுக்கென்றே 25 அங்குல ஷாஃப்ட், அதிகத் தள்ளுவிசை ப்ரொப்பெல்லர், 12 வோல்ட் 60 வாட் சார்ஜிங் மூன்றையும் சேர்த்து வருகின்றன. மெர்க்குரியின் சிறிய அவுட்போர்டுகள் டொஹாட்சுவோடு சேர்ந்து தயாராகுபவைதான், ஆகவே அந்தப் பெயரிலும் இதே வகை மோட்டார் கிடைக்கும். பெரிய படகுக்காரர்களுக்கு யமஹாவின் டி9.9 நல்ல உதாரணம். சாதாரண எஃப்9.9-இன் கியர் விகிதம் 2.08, டி9.9-இல் 2.92. அதே எச்.பி., ஆனால் ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றுவதால் அகலமான ஒன்றைப் போட முடிகிறது, அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது.

கையில் இருக்கும் ப்ரொப்பெல்லர் பொருத்தமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய டாக்கோமீட்டர் ஒன்றை மாட்டுங்கள். வழக்கமான பாரத்தோடு, அமைதியான நீரில் முழு த்ராட்டில் கொடுங்கள். கையேட்டில் முழு த்ராட்டில் வரம்பு போட்டிருக்கும், 6 எச்.பி.களுக்கு அது சாதாரணமாக 5,000 முதல் 6,000 வரை. வரம்புக்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம், மேலே போனால் குறைவு. ஒரு அங்குலம் மாற்றினால் ஏறத்தாழ 200 சுற்று மாறும். படகின் அடியில் பாசி பிடித்திருந்தாலும் சுற்று குறையும், முதலில் அதைத் துடைத்துவிட்டுச் சோதியுங்கள்.

ரிவர்ஸ் கியர் இல்லாத மோட்டார் இந்தப் படகுக்கு வேண்டாம். சுசுகி 2.5 போன்ற சின்ன மோட்டார்களில் நியூட்ரலும் ஃபார்வர்டும்தான், பின்னால் போக மோட்டாரையே 180 டிகிரி திருப்ப வேண்டும். ஹோண்டா 2.3 காற்றால் குளிர்விக்கும், 13.5 கிலோதான், துடுப்புப் படகுக்கு அருமையானது. ஆனால் 1,300 கிலோவைத் துறையின் சுவரருகே இரண்டு மீட்டரில் நிறுத்த ரிவர்ஸ் உடனே கிடைக்க வேண்டும். ரிவர்ஸ் போடும்போது சாய்வுப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் ப்ரொப்பெல்லர் பின்னோக்கி இழுக்கும் விசையில் மோட்டாரே மேலே எழும்பிவிடும், படகு நிற்காமல் போய் இடிக்கும். மோட்டாரைத் திருப்பினால் ப்ரொப்பெல்லர் சுக்கானைத் தொடுகிறதா என்பதையும், எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டையும் கடைசி வரை திருப்பிப் பார்த்து ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

சார்ஜிங் பற்றிச் சுருக்கமாக: 60 வாட் என்பது 5 ஆம்பியர், அதுவும் நல்ல சுற்று வேகத்தில்தான். ஐடிலில் அதில் சிறு பங்கே வரும். எல்இடி விளக்குகளுக்கும் ஆழம் காட்டும் கருவிக்கும் இது போதும், ஃபிரிட்ஜுக்குப் போதாது. லித்தியம் பேட்டரியில் நேரடியாக இணைக்காதீர்கள், நடுவே அதற்குரிய சார்ஜர் வேண்டும்.

பெட்ரோல் கணக்கு முக்கியம். மோட்டாரின் உள் டாங்க் ஒரு லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். பயண வேகத்தில் 6 எச்.பி. மணிக்கு 1 முதல் 1.3 லிட்டர் குடிக்கும், ஆகவே ஒரு மணி நேரத்தில் ஆடும் படகின் பின்னால் குனிந்து ஊற்ற வேண்டிவரும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சிந்துவது விளையாட்டல்ல. 12 லிட்டர் வெளி டாங்க் வையுங்கள். டொராண்டோவிலிருந்து நயாகரா-ஆன்-த-லேக் ஏரியின் குறுக்கே சுமார் 27 கடல் மைல். காற்றே இல்லாமல் முழுதும் மோட்டாரில் 4.5 நாட் வேகத்தில் போனால் 6 மணி நேரம், 8 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு கைவசம் மிச்சம் இருக்கும். டாங்கைக் காக்பிட்டில் அல்லது வெளிக்காற்று கீழிருந்து புகுந்து வெளியேறும் அறையில் மட்டும் வையுங்கள், கேபினுக்குள் ஒருபோதும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

சிறு அவுட்போர்டு கிளம்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் எஞ்சின் அல்ல, பழைய பெட்ரோல். வழக்கமான பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஒரு அளவுக்கு மேல் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகி, ஊசித் துளை போன்ற ஐடில் ஜெட்டில் பிசினை விட்டுப்போகும். பிறகு சோக் போட்டால் கிளம்பும், சோக்கைத் தள்ளினால் அணையும். அப்படி நடந்தால் பிளக்கை மாற்றிக்கொண்டிருக்காமல் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வராமல் தடுக்க வழி மூன்று: எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் பங்கில் வாங்குவது, வாங்கிய அன்றே ஸ்டெபிலைசர் சேர்ப்பது, ஓரிரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுவது.

மின்சார மோட்டார் கேள்விக்கு நேர்மையான பதில், உங்கள் பயணத்தைப் பொறுத்தது. ஈப்ரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 பிளஸ் 1 கிலோவாட் எடுக்கும், பேட்டரி 1,276 வாட்-மணி. முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம். டார்க்கீடோ டிராவல் 1103 எடுப்பது 1,100 வாட், பேட்டரி 915 வாட்-மணி, அதாவது 50 நிமிடம். அமைதியான நீரில் இந்தப் படகு 4 நாட் அளவில் போகும், ஆகவே எல்லை 5 கடல் மைலுக்குள். பாதிச் சக்தியில் 3 நாட் போனால் 7 மைல் வரை நீட்டலாம். துறையை விட்டு வெளியே வந்து பாய் ஏற்றி, மாலையில் திரும்ப நுழைவது மட்டும்தான் பயணம் என்றால் இதைவிடச் சுகமானது கிடையாது: சத்தமில்லை, வாடையில்லை, கார்புரேட்டர் இல்லை, ரிவர்ஸ் பொத்தானில் வரும். ஆனால் இவற்றை 3 எச்.பி. பெட்ரோல் மோட்டாருக்கு ஈடாகத்தான் விற்கிறார்கள். 20 நாட் எதிர்க்காற்றில் அதே 3 எச்.பி.யின் திணறல் இதிலும் உண்டு, பேட்டரி முடிந்தால் கேனிலிருந்து ஊற்றவும் முடியாது. ஏரியைக் கடக்கும் எண்ணம் இருந்தால் பெட்ரோல்தான். ஷாஃப்ட் நீளத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் மின்சாரத்துக்கும் அப்படியே பொருந்தும். கனடாவில் எந்த மோட்டார் மாட்டினாலும், மின்சாரம் உட்பட, ஓட்டுபவரிடம் படகு இயக்குநர் அட்டை இருக்க வேண்டும்.

பழைய மோட்டார் வாங்குவதானால் குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். கிளப்பியதும் அரை நிமிடத்துக்குள் பின்பக்கச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கியர் ஆயிலின் அடித் திருகை லேசாகத் திறந்து நாலு சொட்டை விரலில் எடுத்துப் பாருங்கள். தேன் அல்லது கருநிறம் என்றால் சரி, பால் விட்ட காப்பி நிறம் என்றால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே நுழைந்திருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி அதன் பின்னால் ஷாஃப்டில் மீன்பிடி நைலான் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். தலைமுடி அளவே இருக்கும் அந்த இழைதான் உள்ளே நகர்ந்து நகர்ந்து சீலின் உதட்டை அறுக்கிறது. சொந்த மோட்டாரிலும் பருவத்துக்கு இரண்டு முறை இதைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சீறுகிறது, படகு நகரவில்லை என்றால் ப்ரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது, அல்லது சின்ன மோட்டார்களில் ஷியர் பின் (ப்ரொப்பெல்லர் எதிலாவது மோதினால் முதலில் உடையும் சிறு ஊசி) அறுந்திருக்கிறது. இரண்டு ஷியர் பின்னும் ஒரு காட்டர் பின்னும் எஞ்சின் மூடிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

புது மோட்டாரானால் கொக்கித் திருகுகளைக் கையால் இறுக்கி, ஒரு மணி நேரம் ஓடிய பின் மறுபடி இறுக்குங்கள், அதிர்வில் கட்டாயம் தளரும். 6 மில்லிமீட்டர் கயிறு ஒன்றால் மோட்டாரைப் படகின் உறுதியான கொக்கியில் கட்டி வையுங்கள். கில் சுவிட்ச் கயிறு (இழுபட்டால் எஞ்சினை அணைப்பது) ஓட்டுபவரின் உடலில் மாட்டியிருக்க வேண்டும், டில்லரில் (மோட்டாரைத் திருப்பும் கைப்பிடி) சுற்றித் தொங்கக் கூடாது. முதல் 10 மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், அதன்பின் முதல் எஞ்சின் ஆயில் மாற்றம் கையேட்டில் சொன்ன நேரத்தில். இந்த அளவு எஞ்சினுக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும், கொஞ்சம் அதிகமாக ஊற்றினாலும் புகையும். தரையில் கிடத்தும்போது எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று மோட்டாரிலேயே குறித்திருக்கும். மாற்றிக் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

ஏரி நன்னீர் என்பதால் உப்பைக் கழுவும் வேலை உங்களுக்கு இல்லை. மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டியான ஆனோடு மட்டும் நன்னீருக்கேற்ற அலுமினியமாகவோ மக்னீசியமாகவோ இருக்கட்டும், கடல்நீருக்கான துத்தநாகம் நன்னீரில் மேலே படலம் படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும். இம்பெல்லரை இரண்டு பருவத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழற்றும்போது ஒரு இறக்கை உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள், அது குழாயில் மேலே போய் அடைத்திருக்கும்.

குளிர்காலத்துக்கு முன் கியர் ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள், வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் டொராண்டோ ஜனவரியில் அது உறைந்து விரிந்து அலுமினியக் கூட்டைப் பிளந்துவிடும். மேல் திருகு, அடித் திருகு இரண்டையும் திறந்து வடியவிட்டு, புது ஆயிலை அடித் துளை வழியாகவே, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை ஏற்றுங்கள். முதலில் மேல் திருகைப் பூட்டிவிட்டுப் பிறகு அடியிலிருந்து குழாயை எடுத்தால் ஆயில் கொட்டாது. இரண்டு வாஷரும் புதிதாகப் போடுங்கள். மோட்டாரைக் கிடத்தாமல் நிமிர்த்தி மாட்டி வைத்தால், குளிர்விப்பு வழியில் மிஞ்சிய தண்ணீரும் தானே வடிந்துவிடும்.